பட்டியல் எழுதியவரும் பொறுப்பாளிதான்: இனப்படுகொலைத் தடுப்பு, ஓர் அறிமுகம்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சாதிக் கொலை விழுந்தால் கண்டனச் சுவரொட்டி வர அதிக நேரம் ஆகாது. அதில் 'இனப்படுகொலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் பார்க்கலாம். கோபத்தில் தப்பில்லை. ஆனால் சட்டம் அந்தப் பெயரை வைத்திருப்பது வேறொரு குற்றத்துக்கு. அது என்ன குற்றம், ஒரு தனி ஆள் அதில் எந்த இடத்தில் மாட்டுகிறார், எந்த இடத்தில் நின்றால் அதைத் தடுக்க முடியும் என்பதை முதல்முறை படிப்பவர்களுக்காக எழுதுகிறோம். சட்டக் கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்கள், ஊர்க்கூட்டத்தில் பேசுகிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துத்தான்.

சட்டத்தின் அளவுகோல்

1948 டிசம்பர் 9 அன்று பாரிசில் கூடிய ஐ.நா. பொதுச் சபை, இனப்படுகொலைக் குற்றத்தைத் தடுப்பதற்கும் தண்டிப்பதற்குமான ஒப்பந்தத்தை ஏற்றது. 1951 ஜனவரி 12-ல் நடைமுறைக்கு வந்தது. போலந்தில் பிறந்த யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் இதற்காக ஆண்டுக்கணக்கில் தூதர்கள் பின்னாலேயே அலைந்தார். நாஜிகளின் கையில் அவர் இழந்த உறவினர்கள் 49 பேர். இந்தியா 1959-ல் ஏற்புறுதி செய்தது. ஆனாலும் நம் நாட்டில் இனப்படுகொலைக்கென்று தனிக் குற்றப் பிரிவு இன்றுவரை இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாற்றிப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் சேர்க்கவில்லை. கொலை, கலவரம், பகைமையைத் தூண்டுதல் என்று துண்டு துண்டாகத்தான் வழக்குப் போட முடியும். இது பெரிய ஓட்டை.

ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவில்தான் அளவுகோல் இருக்கிறது. தாக்கப்படுவது ஒரு நாட்டினமாகவோ, இனக்குழுவாகவோ, நிறவினமாகவோ, மதக் குழுவாகவோ இருக்க வேண்டும். செய்கை ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: அந்தக் குழுவினரைக் கொல்வது, உடலுக்கோ மனதுக்கோ கடும் சேதம் விளைவிப்பது, பிழைக்க முடியாத வாழ்நிலையைத் திட்டமிட்டுத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது. ஒரு உயிர் போகாமலேயே இந்தக் குற்றம் நடக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவதுதான் சிக்கலான கூறு: நோக்கம். அந்தக் குழுவை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்க வேண்டும் என்ற எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் முட்டுகின்றன. "அழிப்போம்" என்று யாரும் கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை. நீதிமன்றங்கள் பேச்சு, கட்டளை, செய்கை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் நோக்கத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்த அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அது கொடூரம், அரசு வன்முறை. ஆனால் ஒரு குழுவையே இல்லாமல் ஆக்கும் நோக்கம் என்ற கூறு நிரூபிக்கப்படாமல் அதற்கு இந்தச் சட்டப் பெயர் பொருந்தாது. சாதி, அரசியல் கட்சி, மொழி ஆகிய மூன்றும் அந்த நான்கு குழுக்களின் வரிசையில் நேரடியாக இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இதே பெயரை வைத்தால், உண்மையிலேயே அது வரும்போது எச்சரிக்கை மணி யார் காதிலும் ஏறாது. கூடவே, "இது இனப்படுகொலை இல்லையே" என்ற சாக்கில் மற்றக் கொடுமைகளைச் சின்னதாக்கும் ஆட்களுக்கும் வசதியாகிவிடும்.

தூத்துக்குடிக் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்லாமல் தமிழில் இதை எழுத முடியாது. 2009-ல் வன்னியில் முடிந்த போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. 2015 பிப்ரவரியில் வட மாகாண சபை அதை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது. 2022-ல் கனடா நாடாளுமன்றம் மே 18-ஐத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. பன்னாட்டு நீதிமன்றம் எதுவும் இதை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னதில்லை. நாடாளுமன்றத் தீர்மானம் வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் வாதம் பலவீனப்படும். இலங்கை 1950-லேயே ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. தடுக்கும் அமைப்புகள் எப்படித் தவறின என்பதற்கு 2012-ல் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளாய்வு அறிக்கை நல்ல சான்று: வன்னியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போனது அமைப்பு முழுக்கப் பரவிய தோல்வி என்று ஐ.நா.வே தன்னைப் பற்றி எழுதிக்கொண்டது.

யார் குற்றவாளி?

"அரசு செய்தது", "கூட்டம் செய்தது" என்று சொல்லிவிட்டால் யாரும் செய்யவில்லை என்று ஆகிவிடும். நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் 1946 தீர்ப்பு இந்தக் கதவைத்தான் மூடியது: குற்றத்தைச் செய்வது மனிதர்கள், அருவமான அமைப்புகள் அல்ல. 1948 ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு, ஆட்சியாளரானாலும் அதிகாரியானாலும் சாதாரணக் குடிமகனானாலும் தண்டனை உண்டு என்கிறது. 3-ஆம் பிரிவு, கொன்றவரோடு நிற்காமல் சதி செய்தவர், நேரடியாகவும் பகிரங்கமாகவும் தூண்டியவர், முயன்றவர், உடந்தையாக இருந்தவர் எல்லோரையும் உள்ளே இழுக்கிறது.

உடந்தை என்றால் எவ்வளவு தூரம்? சில வழக்குகளைப் பார்த்தால் புரியும்.

புருனோ டெஷ் ஹாம்பர்க் வியாபாரி. பூச்சி மருந்து விற்கிற கம்பெனி முதலாளி. அவருடைய சரக்கில் ஒன்று ஸைக்ளான்-பி. வதை முகாம்களில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுகிறது என்று தெரிந்தே விற்றார் என்று 1946 மார்ச்சில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் தீர்மானித்து அவருக்கும் அவருடைய மேலாளருக்கும் மரண தண்டனை கொடுத்தது. அதே கூண்டில் நின்ற மூன்றாவது ஆள், கம்பெனியின் தொழில்நுட்பப் பணியாளர், விடுதலையானார். சரக்கு போவதைத் தடுக்கவோ மாற்றவோ கூடிய இடத்தில் அவர் இல்லை என்பது காரணம். தனிமனிதப் பொறுப்பின் இலக்கணமே இந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது: என்ன தெரிந்திருந்தது, என்ன செய்யக்கூடிய இடத்தில் இருந்தார்.

இம்கார்ட் ஃபுர்ஷ்னர், நாஜிகளின் ஷ்டுட்ஹோஃப் வதை முகாம் தளபதியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். அப்போது வயது 18, 19. ஆகவே 97 வயதில், 2022 டிசம்பரில், அவரை விசாரித்ததும் இளையோர் நீதிமன்றம்தான். 10,505 கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பு. இரண்டு ஆண்டு, நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. மேல்முறையீடு 2024-ல் தள்ளுபடியானது. ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கைதிகளின் பணத்தை எண்ணிக் கணக்கு வைத்த ஆஸ்கர் குரோனிங்குக்கு 2015-ல் நான்கு ஆண்டு கிடைத்தது. துப்பாக்கியைத் தொடாதவர்கள், கணக்கும் கடிதமும் மட்டும் பார்த்தவர்கள். எழுபது ஆண்டு கழித்துத்தான் சட்டம் வந்து கதவைத் தட்டியது என்ற குறையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

"மேலிடத்து உத்தரவு" என்ற வாதம் எடுபடுமா? சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனம் (1998-ல் ஏற்பு, 2002 ஜூலை 1 முதல் அமல்) 33-ஆம் பிரிவில், இனப்படுகொலை செய்யச் சொல்லும் உத்தரவு பார்த்த மாத்திரத்தில் சட்டவிரோதமானது என்கிறது. 27-ஆம் பிரிவில் பதவி ஒரு கவசம் அல்ல. 28-ஆம் பிரிவில், கீழே உள்ளவர்கள் செய்வது தெரிந்தும் தடுக்காத தளபதியும் மேலதிகாரியும் பொறுப்பு. இந்தியாவும் இலங்கையும் ரோம் சாசனத்தில் சேரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "ஹேக்கில் கேஸ் போடுவோம்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஹேக்கில் இரண்டு நீதிமன்றம் உண்டு. சர்வதேச நீதிமன்றம் நாடுகளை விசாரிக்கும், குற்றவியல் நீதிமன்றம் ஆட்களை விசாரிக்கும்.

உத்தரவு வாதத்தின் மிகக் கஷ்டமான வடிவம் டிராஷென் எர்டெமோவிச் வழக்கு. போஸ்னியாவில் முஸ்லிம்கள் அடைக்கலம் புகுந்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா நகரம் செர்பியப் படையிடம் வீழ்ந்த பிறகு, 1995 ஜூலை 16 அன்று, பேருந்து பேருந்தாக ஒரு பண்ணைக்குக் கொண்டுவரப்பட்ட ஆண்களைச் சுட்ட படைப்பிரிவில் அவர் இருந்தார். முதலில் மறுத்தார். பாவமாக இருந்தால் நீயும் போய் அவர்களோடு வரிசையில் நில் என்று பதில் வந்தது. சுட்டார். அன்றே பக்கத்து ஊரில் ஒரு பொதுக் கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்த இன்னும் சுமார் 500 பேரைக் கொல்லச் சொன்னபோது அவரும் சிலரும் மறுத்துவிட்டார்கள். அப்போது அவரை யாரும் கொல்லவில்லை. உயிர் மிரட்டல், அப்பாவிகளைக் கொன்றதற்கு முழு விடுதலை தராது, தண்டனையைக் குறைக்க மட்டும் உதவும் என்று 1997-ல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கென்று ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு பெரும்பான்மையாகத் தீர்மானித்தது. பத்தாண்டுத் தண்டனை பிறகு ஐந்தானது. இந்தத் தீர்ப்பு அவருக்கு நியாயமா என்று சட்டம் தெரிந்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். எங்கள் பார்வையில், இந்த வழக்கு கற்றுத் தருவது தீர்ப்பை விட முக்கியமான ஒன்று: துப்பாக்கி கைக்கு வந்த பிறகு மறுப்பதன் விலை உயிராகவும் இருக்கலாம். அதற்கு எவ்வளவோ முன்னால், விலை மலிவாக இருந்த நாட்கள் இருந்தன.

தாபாவில் பதினொரு நாள்

அந்த மலிவான நாட்கள் எப்படி இருக்கும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் தாபா கம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதி ஓர் உதாரணம். அதன் மேயர் ழான்-பால் அகாயேசு, ஆசிரியராகவும் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். 1994 ஏப்ரல் 7-ல் நாடெங்கும் பெரும்பான்மை ஹூட்டு இனத்தின் தீவிரவாதிகள் சிறுபான்மைத் துட்சி மக்களைக் கொல்லத் தொடங்கினார்கள். தாபாவில் ஏப்ரல் 18 வரை பெரிய கொலை நடக்கவில்லை. மேயர் தடுத்து வைத்திருந்தார். ஊருக்குள் வன்முறையை விடவில்லை.

18-ஆம் தேதி இடைக்கால அரசின் தலைவர்கள் மேயர்களைக் கூட்டிப் பேசினார்கள். மறுநாள் ஒரு பிணத்தைச் சுற்றிக் கூடிய கூட்டத்தில் இதே மேயர், எதிரிக்கு உடந்தையானவர்களை ஒழிக்க வேண்டும் என்று பேசி, ஒரு பட்டியலிலிருந்து பெயர்களை வாசித்தார். அதற்குப் பிறகு ஜூன் இறுதிக்குள் தாபாவில் குறைந்தது 2,000 துட்சிகள் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பு பதிவு செய்கிறது. 1998 செப்டம்பர் 2-ல் வந்த அந்தத் தீர்ப்புதான் ஒரு பன்னாட்டு நீதிமன்றம் இனப்படுகொலைக்காக ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன முதல் தீர்ப்பு. ஆயுள் தண்டனை. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செய்கை ஆகலாம் என்று முதலில் சொன்னதும் அதுவே. சாட்சிக் கூண்டில் பெண்கள் சொன்ன பிறகுதான் அந்தக் குற்றச்சாட்டே சேர்க்கப்பட்டது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் வந்த நவநீதம் பிள்ளை, பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையர்.

அகாயேசு முதல் பதினொரு நாள் செய்தது, ஒரு உள்ளூர் அதிகாரியால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஆதாரம். அடுத்த நாளிலிருந்து செய்தது, அதே அதிகாரம் மறுபக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம். நீதிமன்றம் முதல் பாதியை வைத்தே இரண்டாம் பாதியைத் தீர்த்தது: உன்னால் தடுக்க முடிந்திருக்கிறது, பிறகு தடுக்கவில்லை.

பின்னணியில் மூன்று கருவிகள் வேலை செய்தன. அடையாள அட்டையில் இனம். பெல்ஜியர்கள் 1930-களில் கொண்டுவந்தது. ஹூட்டுவும் துட்சியும் பேசுவது ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே மதம். சாலைத் தடுப்பில் நின்றவனுக்கு அட்டைதான் சொல்லிக் கொடுத்தது. இரண்டாவது, 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி. பாட்டு, அரட்டை, நையாண்டி, நடுவில் துட்சிகளைக் 'கரப்பான் பூச்சி' என்று வசை. பிறகு ஆள் பெயர், இருக்கும் இடம், வண்டி எண். மூன்றாவது, உலகத்தின் மௌனம். 1994 ஜனவரி 11-லேயே ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படையின் தளபதி ரோமியோ டலேர், ஆயுதப் பதுக்கலைப் பற்றியும் துட்சிகளைப் பட்டியல் எடுப்பதைப் பற்றியும் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்பினார். கொலை நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21-ல் பாதுகாப்புச் சபை, சுமார் 2,500 பேர் இருந்த அந்தப் படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. குறைந்தது 5 லட்சம், பல கணக்குகளில் 8 லட்சமும் அதற்கு மேலும் இறந்தார்கள். எல்லாம் ஏறக்குறைய 100 நாளில்.

ஏன் பெரும்பாலோர் மறுப்பதில்லை?

வெறுப்பினால் என்று நினைப்போம். அது பாதிதான். 1942 ஜூலை 13-ல் போலந்தின் யூசெஃபூவ் ஊரில் சுமார் 500 பேர் கொண்ட ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனின் மேஜர், யூதர்களைக் கொல்லும் வேலையை விளக்கிவிட்டு, முடியாது என்கிற மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். விலக முன்வந்தவர்கள் ஒரு டஜன் பேர்போலத்தான். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போருக்குப் பின் நடந்த வழக்குகளில், நிராயுதபாணிகளைக் கொல்ல மறுத்ததற்காக ஒரு ஜெர்மானியர் கொல்லப்பட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்களால் ஒரு உதாரணமும் காட்ட முடியவில்லை. பயத்தை விடக் கூட நிற்பவன் என்ன நினைப்பான் என்ற கூச்சம்தான் பலரைப் பிடித்து நிறுத்தியது.

1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த மின் அதிர்ச்சிச் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோதனை நடத்துபவர் சொல்கிறபடி இன்னொரு ஆளுக்கு மேலும் மேலும் அதிர்ச்சி கொடுக்க வேண்டும்; அதிர்ச்சி போலி, ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதிகம் பேசப்படாத இரண்டு மாற்று வடிவங்கள் நமக்கு வேண்டியவை. பட்டனை இன்னொருவர் அழுத்த, சோதனைக்கு வந்தவர் துணை வேலை மட்டும் பார்த்தபோது 40-ல் 37 பேர் கடைசிவரை நின்றார்கள். கூட உட்கார்ந்த இருவர் நடுவிலேயே எழுந்து "மாட்டோம்" என்றபோது 40-ல் 4 பேர்தான் தொடர்ந்தார்கள். இந்தச் சோதனையின் முறை பற்றி விமர்சனங்கள் உண்டு. ஆனால் நீதிமன்றப் பதிவுகளும் இதே திசையில்தான் காட்டுகின்றன: வேலை துண்டு துண்டாகப் பிரிந்தால் மனச்சாட்சி தூங்கும், முதல் ஆள் வாய்விட்டு மறுத்தால் அடுத்தவருக்குத் தைரியம் வரும்.

ஊர் முழுக்க மறுத்த கதையும் இருக்கிறது. 1943-ல் ஜெர்மன் பிடியில் இருந்த டென்மார்க்கில் யூதர்களைப் பிடிக்கத் தேதி குறித்தாயிற்று. ஜெர்மன் தூதரகத்திலேயே வேலை பார்த்த கேயார்க் டுக்விட்ஸ் செப்டம்பர் 28-ல் டேனிஷ் தலைவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் யூதர்களின் தொழுகைக் கூடத்தில் அறிவிப்பு. மீனவர்கள், டாக்டர்கள், பாதிரியார்கள், டாக்ஸிக்காரர்கள் எனப் பலர் சேர்ந்து சில வாரங்களில் 7,000-க்கும் மேற்பட்டவர்களைப் படகில் ஸ்வீடனுக்குக் கடத்தினார்கள். ஸ்வீடன் பக்கத்தில் இருந்ததும் எண்ணிக்கை சிறியதாக இருந்ததும் உதவின. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் நேர்மாறு. அங்கே மக்கள்தொகைப் பதிவேடு அவ்வளவு ஒழுங்கு. 1943 மார்ச் 27-ல் எதிர்ப்பாளர்கள் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். கார்டுகளில் ஒரு பகுதிதான் எரிந்தது, 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சுமார் 1,40,000 யூதர்களில் 1 லட்சத்துக்கும் மேல் திரும்பவில்லை. பட்டியலை எழுதாமல் இருப்பது ஒரு குமாஸ்தா வேலை; எழுதிய பட்டியலை அழிப்பது உயிர் கொடுக்கிற வேலை.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தாக்கிய கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பதும், பல சிங்களக் குடும்பங்கள் தமிழ் அண்டை வீட்டாரைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள் என்பதும் இரண்டுமே வரலாறு.

இங்கே என்ன செய்வது?

நெல்லையில் நடப்பது இனப்படுகொலை அல்ல என்று மேலே சொன்னோம். ஆனால் குறியிடுதல், பட்டியல், வதந்தி, கைவிடுதல் ஆகிய ஆரம்ப வேலைகள் எல்லாக் கூட்டு வன்முறைக்கும் பொது. இங்கே அவற்றை நிறுத்திப் பழகியவர்தான் எங்கேயும் நிறுத்துவார்.

பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்கலாம். கையில் கட்டும் நிறக் கயிறு எந்தப் பையன் எந்தச் சாதி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும். 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இதைப் பற்றிச் சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். பள்ளியில் நடந்த கொடுமையை அவன் வெளியே சொன்னதற்குப் பிறகு. அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களுக்குத் தடை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்பன அதன் பரிந்துரைகளில் சில. பதிவேட்டுப் பரிந்துரையைப் பலர் சின்ன விஷயமாக நினைத்தார்கள். அட்டையும் பட்டியலும் என்ன செய்தன என்று படித்தவருக்கு அது சின்னதாகத் தெரியாது. வகுப்பாசிரியர் ஒருவர் தானாகவே நாளைக்கே செய்யக்கூடியது: உதவித்தொகை விவரத்தைத் தனித் தாளில் வைத்துக்கொண்டு, "எஸ்.சி. பசங்க எந்திரிங்க" என்று வகுப்பில் கூப்பிடாமல் இருப்பது.

அடுத்தது ஃபார்வர்டு. எந்தப் பேச்சு வெறும் வசை, எது தூண்டுதல் என்று பிரிக்க 2012-ல் உருவான ஐ.நா.வின் ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகள் தருகிறது. ஊரில் ஏற்கெனவே பதற்றம் இருக்கிறதா, பேசுகிறவர் சொன்னால் கேட்கிற கூட்டம் உண்டா, வேண்டுமென்றே சொல்கிறாரா, வார்த்தை எப்படி (மனிதரைப் பூச்சி, நாய் என்கிறதா, எதையாவது செய்யச் சொல்கிறதா), எவ்வளவு தூரம் பரவுகிறது, உடனே கைகலப்பு வருமா. கோயில் கொடைத் திருவிழா நடக்கிற வாரத்தில், ஒரு கொலை நடந்த மறுநாள், சங்கத் தலைவர் ஒருவர், ஒரு தெருவின் பெயரைச் சொல்லி, "இன்னைக்கு ராத்திரி" என்று வாய்ஸ் நோட் போட்டால் ஆறுக்கும் பதில் 'ஆம்'. அதே வசையை ஒரு குடிகாரர் டீக்கடையில் சொன்னால் ஆறில் ஒன்றோ இரண்டோதான் தேறும். இந்தியக் குற்றவியல் சட்டத்தில் இதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவும் 353-ஆம் பிரிவும் உண்டு.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கண்டிப்பதற்காகவே அதை இன்னும் நாலு குழுவில் போடுவது. கண்டனமும் பரப்பல்தான். குழு அட்மின் என்றால் எல்லோர் திரையிலிருந்தும் அதை நீக்கும் வசதி இருக்கிறது. நீக்குவதற்கு முன் சாட்சியம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. அனுப்பிய எண், குழுவின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி திரையைப் பதிவு செய்து, மூல ஆடியோ வீடியோவை அப்படியே வைத்து, அந்தக் கைப்பேசியை விற்காமல் ரீசெட் செய்யாமல் வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும்; கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) அதில் குறிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வழக்கு விழலாம்.

குழுவில் பதில் எழுதுவதா வேண்டாமா? எழுதுங்கள், ஒரு வரி. "இது பொய், இதை இங்கே போடாதீங்க" போதும். "நமக்கெதுக்குவே வம்பு" என்று இருநூறு பேர் சும்மா இருக்கும் குழுவில் முதலில் மறுப்பவருக்கு மில்கிராம் கணக்கில் என்ன மதிப்பு என்று மேலே பார்த்தோம். நீண்ட வாக்குவாதம் வேண்டாம். அது அந்தப் பதிவை மேலே மேலே கொண்டுவரும்.

அதிகாரிகளுக்குச் சட்டம் தடுப்பு அதிகாரத்தைக் கையிலேயே கொடுத்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரைக் காக்கும் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 17-ஆம் பிரிவில், மோதல் வரக்கூடிய பகுதியை அடையாளம் கண்டு முன்கூட்டி நடவடிக்கை எடுக்க கலெக்டர் உள்ளிட்ட நிர்வாக நடுவர்களுக்கும் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு. 1995 விதிகளில் அந்தப் பகுதி ஆட்களின் ஆயுத உரிமத்தை ரத்து செய்வதும் வருகிறது. ஊர்விலக்கம், பொருளாதாரப் புறக்கணிப்பு 3(1)(zc) உட்பிரிவில் குற்றம். 4-ஆம் பிரிவில், கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. கும்பல் வன்முறைக்கு மாவட்டந்தோறும் எஸ்.பி. அந்தஸ்தில் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17-ல் தீர்ப்பளித்திருக்கிறது. சாதி, இனம், மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103(2) ஒவ்வொருவரையும் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியவராக்குகிறது. கூட்டத்தில் நின்றேன், வெட்டவில்லை என்பது இங்கேயும் எடுபடாது.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலக அமைதிப் பேச்சுவார்த்தை பற்றி ஒரு எச்சரிக்கை. அடிபட்டவரையும் அடித்தவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து "ரெண்டு பேரும் விட்டுக் கொடுங்க" என்று கையெழுத்து வாங்குவது தடுப்பு அல்ல. பேச்சுவார்த்தை வழக்குக்குப் பதிலாக வரக்கூடாது, பக்கத்தில் நடக்கலாம். இரு பக்கத்துப் பெரிய தலைகள் மட்டும் வந்தால், அரிவாளைத் தூக்கும் இருபது வயதுப் பையன்களிடம் பேசக்கூடிய யாருமே அறையில் இல்லை என்று பொருள். பெண்களும் அந்தப் பையன்கள் மதிக்கிற கபடிக் கோச்சும் ஆசிரியரும் இருந்தால் வேறு மாதிரிப் போகும்.

அறிகுறி தெரிந்த நேரத்திலேயே எழுத்தில் கொடுங்கள். அறிகுறி தெரிந்தும் காலம் கடத்தியதுதான் வன்னியிலும் ருவாண்டாவிலும் நடந்தது. 2007-ல் போஸ்னியா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன விதி இதற்குத் துணை: கடும் ஆபத்து இருப்பது தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய கணத்திலேயே தடுக்கும் கடமை தொடங்குகிறது, தடுத்து முடித்தாயா என்பதல்ல, கையில் இருந்ததைச் செய்தாயா என்பதுதான் கேள்வி. அது நாடுகளுக்குச் சொன்னது என்றாலும், மனு எழுதுகிறவர் அந்த வரியை வைத்தே எழுதலாம்: எந்தத் தேதி, எந்தத் தெரு, யார் என்ன சொன்னார், எதனால் ஆபத்து என்று நினைக்கிறோம், என்ன நடவடிக்கை வேண்டும்.

உடனடி ஆபத்துக்கு 112. வன்கொடுமைப் புகாருக்குத் தேசிய உதவி எண் 14566. திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நிலைய அதிகாரி வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் அந்த ரசீதோடு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.